தரவை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை

ஒரு வணிகத்தின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் வாடிக்கையாளர் விவரங்களைத் திரட்டி, ஆளுக்கு ஒரே பதிவாக ஆக்கித் தரும் மென்பொருளே வாடிக்கையாளர் தரவுத் தளம். 2013இல் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் அமெரிக்க ஆலோசகர் டேவிட் ராப். 2020இல் ட்விலியோ நிறுவனம் செக்மென்ட் என்ற தளத்தை 320 கோடி டாலருக்கு வாங்கியது. டீலியம், அடோபி, சேல்ஸ்ஃபோர்ஸ் போன்றவையும் களத்தில் இருக்கின்றன.

எடுத்துக்காட்டாக, மலேசியாவின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடை. கல்லாக் கணினி, உறுப்பினர் அட்டை, வாட்ஸ்அப், இணையக் கடை என நான்கு இடங்களிலும் வாடிக்கையாளர் பட்டியல் உண்டு. ஒரே அம்மாள் ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி. ரோமன் எழுத்திலோ ஐந்தாறு விதம். தொலைபேசி எண் ஓரிடத்தில் 012 என்றும் மற்றோரிடத்தில் 6012 என்றும் தொடங்கும். தீபாவளிச் சலுகைச் செய்தி அவருக்கு நான்கு முறை போய்ச் சேரும்.

மேலைநாட்டு மென்பொருள்கள் பல, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்கின்றன. மலேசியத் தமிழரின் பெயரில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதை அடுத்து வருவது தகப்பனார் பெயர். இதை அறியாத தளம் அக்காளையும் தங்கையையும் ஒருவராக்கிவிடலாம். விற்க வருபவர் காட்டும் மாதிரித் தரவு எப்போதும் சுத்தமாகவே இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கடையின் சொந்தப் பதிவுகளில் ஒரு பகுதியைக் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதே உண்மையான சோதனை. அதற்கும் முதலில் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும்.

சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, 2025இல் படிப்படியாக நடப்புக்கு வந்தது. தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தரவு கசிந்து பெருந்தீங்கு நேரக்கூடும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கடைக்காரருடையது. ஆகவே தளத்தை நடத்தும் நிறுவனம் கசிவை எத்தனை மணி நேரத்தில் சொல்லும், தரவு எந்த நாட்டில் இருக்கும், விளம்பரம் வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அது எல்லாப் பட்டியலிலும் உடனே பதியுமா என்பவற்றை விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பல நிறுவனங்கள் மாதந்தோறும் கணக்கில் வரும் ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டணம் போடுகின்றன. இணையக் கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரும் அந்தக் கணக்கில் சேரலாம். பண்டிகை மாதத்தில் பில் ஏறும். விலகும்போது ஒன்றுசேர்த்த பதிவுகளை முழுமையாகத் திருப்பித் தருவார்களா என்பது அதைவிட முக்கியம். இதற்கு நேராகப் பதில் சொல்லாத நிறுவனம் வேண்டாம்.

ஒரே கடை, சில ஆயிரம் வாடிக்கையாளர் என்றால் இத்தளமே தேவையில்லை. எண்களை ஒரே வடிவில் எழுதி, கல்லாப் பட்டியலை ஒழுங்காக வைத்தால் போதும். பல கிளைகளும் இணைய விற்பனையும் சேர்ந்து கைக்கு அடங்காமல் போனவர்கள் மட்டும் இந்தச் செலவில் இறங்கலாம்.