இடைக்காலக் குழந்தைப் பொறுப்பு: தந்தையின் நிலை

இடைக்காலக் குழந்தைப் பொறுப்பு என்பது மணமுறிவு வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்றம் செய்யும் தற்காலிக ஏற்பாடு ஆகும். குழந்தை யாரிடம் வளர வேண்டும், மற்றவர் அதை எப்போது, எங்கே சந்திக்கலாம் என்பதை இது வரையறுக்கிறது. நீதிமன்ற வளாகங்களில் ‘இண்டரிம் கஸ்டடி’ என்றே இதைச் சொல்வர். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில் தந்தையின் நிலை என்ன என்பதைக் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் குடும்பச் சூழலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சட்ட அடிப்படை

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 26ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் காலத்திலேயே குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை பற்றி இடைக்கால ஆணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம், 1890-இன் 12ஆம் பிரிவிலும் தற்காலிகப் பொறுப்புக்கு வழி உண்டு.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-இன் 6ஆம் பிரிவு, தந்தையையும் அவருக்குப் பின் தாயையும் இயற்கைக் காப்பாளர் என்கிறது. இதைக் கேள்விப்பட்ட தந்தையர் பலர், சட்டம் தம் பக்கம் இருப்பதாக எண்ணுகின்றனர். ஆனால் காப்பாளர் என்ற தகுதி வேறு, குழந்தை யாரிடம் வளரும் என்பது வேறு. அதே பிரிவு, ஐந்து வயது நிறைவடையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது. 13ஆம் பிரிவின்படி குழந்தையின் நலனே முதன்மையானது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், ‘அவருக்குப் பின்’ என்பதைத் தந்தையின் மறைவுக்குப் பின் என்று மட்டும் கொள்ளக்கூடாது என்றும், தந்தை பொறுப்பில் இல்லாத நிலையில் தாய் காப்பாளர் ஆகலாம் என்றும் விளக்கியது.

ஐந்து வயது வரம்பு

கோவாவிலிருந்து வந்த ரொக்சன் சர்மா எதிர் அருண் சர்மா வழக்கு (2015) இடைக்காலப் பொறுப்பு பற்றியதே. உயர் நீதிமன்றம் தந்தைக்கு அளித்த பொறுப்பை மாற்றி, உச்ச நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடம் விடுவது நலனுக்கு ஏற்றதல்ல என்று மெய்ப்பிக்கும் கடமை தந்தையுடையது என்றும் கூறியது. எனினும் ‘சாதாரணமாக’ என்ற சொல் சட்டத்தில் இருப்பதால் இது மாற்றமுடியாத விதி அன்று. ஐந்து வயது கடந்துவிட்டால் குழந்தை தானாகவே தந்தையிடம் வந்துவிடும் என்பதும் தவறான எண்ணமே.

எந்த நீதிமன்றம்

1890ஆம் ஆண்டுச் சட்டப்படி மனுச் செய்வதாயின், குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தையே அணுக வேண்டும். தாய் குழந்தையுடன் காஞ்சிபுரத்திலிருந்து ஆரணியிலுள்ள பிறந்தகத்துக்குச் சென்றுவிட்டால், எது குழந்தையின் வழக்கமான இருப்பிடம் என்பதே முதல் தகராறாகிவிடும். மணமுறிவு வழக்கு ஏற்கெனவே நடந்துவந்தால் அந்த நீதிமன்றத்திலேயே 26ஆம் பிரிவின்கீழ் இடைக்கால மனுத் தாக்கல் செய்வது எளிது.

காலதாமதம் தந்தைக்குப் பாதகமாகும். மாதங்கள் செல்லச் செல்லக் குழந்தை புதிய பள்ளியிலும் வீட்டிலும் ஊன்றிவிடும். ஊன்றிய குழந்தையைப் பெயர்க்க நீதிமன்றம் தயங்கும். அதற்காகப் பள்ளி வாசலிலிருந்து குழந்தையை வலிந்து தூக்கிவருவது, மனுவில் சொல்லும் நியாயங்கள் அனைத்தையும் கெடுத்துவிடும்.

நெசவாளர் வீடும் குழந்தை நலனும்

பெற்றோரில் யார் நல்லவர் என்பதைவிட, குழந்தையின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதே இடைக்கால மனுவில் முக்கியக் கேள்வி. காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார், மாலையில் வீட்டில் இருப்பது யார், காய்ச்சல் வந்தால் பார்ப்பது யார் என்பவற்றுக்கு மனுவில் தெளிவான விடை இருக்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் இக்கேள்விக்குத் தனி முகம் உண்டு. உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலையைக் கைத்தறியில் நெய்ய மரபாக இருவர் வேண்டும். கரைக்கு நாடா வீச மனைவியோ பிள்ளையோ உடன் உட்காருவது பழைய வழக்கம். மனைவி பிரிந்தபின் அந்த இடத்தில் குழந்தை உட்காருமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. பட்டுத்தறிகளில் குழந்தைத் தொழில் இவ்வூரில் பெரும் சிக்கலாக இருந்ததால் இந்த ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. மறுபுறம், தறி வீட்டிலேயே இருப்பதால் தந்தையும் பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளி வருகைப் பதிவு, பாட்டியோ அத்தையோ வீட்டில் துணையாக இருப்பது, குழந்தை படிக்கவும் உறங்கவும் தறிக்கு அப்பால் உள்ள இடம் ஆகியவற்றைக் காட்ட முடிந்தால் அது தந்தைக்கு வலுவாகும்.

கூலிக்கு நெய்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தின் கூலி வரவான வங்கிக் கணக்குப் புத்தகமோ, தறி முதலாளி கணக்கெழுதிய நோட்டோ வருமானச் சான்றாக உதவும். பராமரிப்புத்தொகை வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தரவேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா (2020) தீர்ப்பு கூறுகிறது. பராமரிப்புத்தொகையும் குழந்தையைச் சந்திப்பதும் தனித்தனிக் கடமைகள். குழந்தையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்ட மறுப்பதும் முறையன்று.

சந்திக்கும் உரிமை

பொறுப்பு தாய்க்குக் கிடைத்தாலும் தந்தைக்குக் குழந்தையைச் சந்திக்கும் உரிமை உண்டு. யஷிதா சாஹு எதிர் இராஜஸ்தான் அரசு (2020) வழக்கில் உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் அன்பும் குழந்தைக்கு உரியது என்றும், நேரில் சந்திப்பதோடு தொலைபேசி, காணொலி வழியாகப் பேசவும் வாய்ப்புத் தரவேண்டும் என்றும் கூறியது.

மனுவில் ‘அவ்வப்போது பார்க்க அனுமதி வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்பதால் பயன் குறைவு. கிழமை, நேரம், இடம், அழைத்துவந்து திரும்ப விடுபவர் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். கோடை விடுமுறையில் சில நாள்கள், பொங்கல், தீபாவளி, வரதராசப் பெருமாள் கோயில் வைகாசிக் கருடசேவை போன்றவற்றையும் தனித்தனியே கேட்கலாம். முதலில் நீதிமன்ற வளாகத்தில் ஓரிரு மணி நேரமே கிடைத்தாலும் அதைத் தவறவிடக் கூடாது. தவறாமல் வந்த தந்தை, பின்னர்க் கூடுதல் நேரம் கேட்கும்போது அந்த வருகையே அவருக்குச் சான்று.

விவரம் தெரிந்த வயதுக் குழந்தையிடம் நீதிபதி தம் அறையில் தனியே பேசி அதன் விருப்பத்தை அறியலாம். அதற்காகப் பெற்றோர் குழந்தைக்குப் பாடம் சொல்லி அனுப்புவது கேடு. ஒருவர்மீது வெறுப்பை ஊட்டி வளர்ப்பதால் குழந்தைக்கு நேரும் பாதிப்பை விவேக் சிங் எதிர் ரோமணி சிங் (2017) தீர்ப்பு சுட்டிக்காட்டியுள்ளது.

ஆணையின் தன்மை

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-இல் உச்ச நீதிமன்றம், குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்லர் என்றது. பொறுப்பு பற்றிய ஆணைகள், சூழ்நிலை மாறும்போது மாற்றத்தக்கவை என்றும் தெளிவுபடுத்தியது. ஆகவே இடைக்கால ஆணை எதிராக வந்தால் தந்தை தோற்றுவிட்டார் என்று பொருளில்லை. சாதகமாக வந்தால் அது நிலைத்துவிடும் என்றும் பொருளில்லை.

2015-இல் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தனது 257ஆவது அறிக்கையில், தக்க வழக்குகளில் பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு அளிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

வழக்கறிஞர் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி கிடைக்கும். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. தேசியச் சட்ட உதவி எண் 15100.