பின்கட்டில் ஒரு சிறு தோட்டம்

பக்கவாதச் சிகிச்சை முடிந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில் எங்கள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் மாத்திரைகளின் பட்டியல். மற்றொன்றில் வலக்கைக்கான பயிற்சிகள். மென்பந்தை அழுத்த வேண்டும். பட்டாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் இட வேண்டும். நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதிய மனிதருக்கு இவை சிறுபிள்ளை விளையாட்டாகப் பட்டன. மூன்றாம் நாளே பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று. மாத்திரை, குளியல், உணவு என்று கணவன் மனைவி இருவரும் முறை வைத்து ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு அதைத் தேடியெடுக்கத் தெம்பில்லை.

அஞ்சறைப் பெட்டியிலிருந்த வெந்தயத்தில் ஒரு பிடியை விரிசல் விட்ட பழைய தொட்டியொன்றில் தூவியது வெறும் பொழுதுபோக்காகத்தான். மூன்றாம் நாள் காலையில் மண்ணைப் பிளந்துகொண்டு முளைகள் எழுந்தன. அப்பா தம் நாற்காலியை அங்கே போடச் சொன்னார். வீடு திரும்பியபின் அவராக ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை.

மொட்டைமாடியில் இடம் தாராளம்; எனினும் படியேற இயலாதவருக்கு அது வேற்றூர். ஆகவே பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் இடையே பத்தடிக்கு எட்டடி சிமெண்டுத் தளத்தைத் தேர்ந்தோம். நண்பகல்வரை நல்ல வெயில் விழும் இடம் அது. செம்மண், ஊறவைத்து அலசிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து பைகளை நிரப்பினோம். அப்பா குனியக் கூடாதென்பதால் பழைய விசுப்பலகையொன்றின் மேல் சில பைகளை வைத்தோம். அமர்ந்தபடியே அவர் கைக்கு எட்டும் உயரம்.

வெண்டை விதையைப் பைக்கு இரண்டாக, விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும். பட்டாணியைத் தொட மறுத்த விரல்கள் அந்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்தன. பாதி கீழே சிந்தின. “விடுங்கள் அப்பா, நாங்கள் போடுகிறோம்” என்றதற்கு, “பொறும்மா, நானே போடுகிறேன்” என்றார். ஆறு பைகளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடுத்த முறை வந்த பயிற்சியாளரிடம் இதைச் சொன்னபோது, பந்தைத் தேட வேண்டாம், இதையே நாள்தோறும் செய்யட்டும் என்றார்.

அதன்பின் எங்களைப் பிடித்த ஆசையை என்னவென்று சொல்வது! சந்தையில் வாங்கிய புதினாவின் இலைகளைக் கிள்ளிக்கொண்டு தண்டுகளை நட்டோம். பொன்னாங்கண்ணியும் அவ்வாறே வேர்பிடித்தது. பெயிண்டு வாளி, அரிசிச் சாக்கு, பிள்ளைகளின் பழைய குளியல் தொட்டி எதுவும் தப்பவில்லை. அண்டை வீட்டார் தந்த செம்பருத்திக் குச்சி, நாற்றுப்பண்ணையில் விலை கேட்கப்போய் வாங்கிவந்த கத்தரி, தானே முளைத்த பரங்கி எனத் தளம் நிறைந்தது. இரண்டு மாதத்தில் முப்பத்தொரு தொட்டிகள். தக்காளி மட்டும் நாங்கள் அன்பு மிகுந்து ஊற்றிய நீரால் வேரழுகி மாண்டது. மேல்மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து நீர்விடும் பழக்கம் அதன் பிறகே வந்தது.

ஒருநாள் அப்பாவின் வாக்கர் இரு தொட்டிகளுக்கு நடுவே சிக்கியது. விழவில்லை, சுவரைப் பற்றிக்கொண்டார். அன்று மாலையே ஒன்பது தொட்டிகளை மாடிக்கு ஏற்றி, மூன்றடி வழியை விட்டோம்.

இதனினும் பெரிய பிழை அடுக்களையில் நிகழ்ந்தது. அப்பாவுக்கு இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உண்டு; குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்கிறார். ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருக்க வேண்டும் என்பது அவருக்கான குறி. எங்கள் கீரைகள் தழைத்த மாதம் பரிசோதனையில் அது 1.5 ஆக இறங்கியிருந்தது. உணவில் புதிதாக ஏதேனும் உண்டா என மருத்துவர் வினவியபோது நாங்கள் பெருமையோடு விடையளித்தோம்: அதுவரை வாரம் ஒருமுறை கீரை உண்டவருக்கு இப்போது நாள்தோறும் சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை! கீரைகளில் வைட்டமின் ‘கே’ மிகுதி. வார்ஃபரின் அந்த வைட்டமினின் செயலைத் தடுத்தே வேலை செய்கிறது. நாங்கள் அன்போடு பரிமாறியது மருந்தின் வலிமையைக் குறைத்திருந்தது. குறைந்தால் மீண்டும் இரத்தக் கட்டி உருவாகும் அபாயம் இருப்பதை அறிந்த அந்தப் பிற்பகல் எங்களுக்கு எளிதாக இல்லை. கீரையை விலக்குமாறு மருத்துவர் சொல்லவில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கட்டும், கூட்டுவதாயினும் குறைப்பதாயினும் முன்கூட்டித் தெரிவியுங்கள் என்றார். இப்போது வாரம் இருமுறை, ஒரு கிண்ணம். மருந்தின் அளவும் அதற்கேற்ப அமைந்துவிட்டது. எஞ்சிய கீரை அண்டை வீடுகளுக்குப் போகிறது.

சிறுநீரக நோயாளிகள் உள்ள இல்லங்களில் கீரையிலுள்ள பொட்டாசியம் குறித்து உணவியல் வல்லுநரிடம் கேட்டுக்கொள்வது நலம். உறுப்பு மாற்றுச் சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ பெற்று நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருப்போர், மண்ணிலும் மக்கிய உரத்திலும் உள்ள பூஞ்சை, நுண்ணுயிரிகள் காரணமாக, மருத்துவரின் இசைவின்றி மண்ணைக் கிளறலாகாது. அருகே அமர்ந்து பார்த்து மகிழ்வதே அவர்கள் பங்கு. நீரிழிவு உள்ளோர் வெறுங்காலோடு தோட்டத்தில் நடக்க வேண்டா. அப்பாவுக்குச் சிறு கீறலிலும் குருதி நிற்கத் தாமதமாகும் என்பதால் கையுறை கட்டாயம். ரோஜாவை நாங்கள் வாங்கவே இல்லை. தொட்டித் தட்டுகளில் தேங்கும் நீரை ஏடிஸ் கொசு விரும்பும். அவற்றைக் கவிழ்க்கும் பொறுப்பை எங்கள் மகன் ஏற்றிருக்கிறான். வாரம் இருமுறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தோட்டம் நோயைப் போக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அப்பாவின் வலக்கை இன்னும் பொத்தானைப் போடாது. ஆனால் அரை லிட்டர் குவளை நீரைச் சிந்தாமல் சாய்க்கிறது. எங்கள் இருவருக்கும் ஒரு நன்மை உண்டு: காலையில் கால் மணி நேரம் மாத்திரையைப் பற்றியல்லாமல் வேறொன்றைப் பற்றி அவருடன் பேசுகிறோம்.

வெண்டைப்பூ விடியலில் மலர்ந்து, மாலைக்குள் சுருங்கிவிடும். மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. அதை முதலில் கண்டு சொல்பவர் அப்பாவே. நேற்று மூன்று என்றார். இன்று எண்ணி முடிக்குமுன் காபி ஆறிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். அடுத்துப் பாகற்கொடி வேண்டுமாம். பந்தலுக்கு இடம் எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.