மருந்துக்கு அடங்காத கிருமி வயலுக்கு வருவது எப்படி?

சீன தேசத்துப் பன்றிப் பண்ணைகளில், உடல் விரைவில் கொழுக்கவேண்டும் என்பதற்காகவே பல்லாண்டு தீவனத்தில் கலக்கப்பட்டுவந்த கொலிஸ்டின், வேறெந்த மருந்தும் பலிக்காதபோது வைத்தியர்கள் நாடும் கடைசி ஔஷதங்களுள் ஒன்று என்பதை எண்ணும்போது நெஞ்சம் பதறுகிறது.

நேர்மின்னேற்றமுள்ள அம்மருந்து, எதிர்மின்னேற்றமுள்ள பாக்டீரியாவின் புறச்சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கும்; 2015-இல் அங்கு கண்டறியப்பட்ட எம்.சி.ஆர்-1 என்னும் மரபணுவோ, சவ்வின் மின்னேற்றத்தைக் குறைத்து மருந்தின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அதனினும் பயங்கரம், பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்து அது வேறு ஜாதிக் கிருமிகளுக்கும் தாவவல்லது என்பதே. அப்பண்ணைகளின் சாணத்திலிருந்து வந்த, சரியாக மக்காத எருவை வயலில் இட்டால், மழைத்துளி தெறித்த சேற்றோடு அத்தகைய கிருமி கீரையின் அடியிலையையும், பச்சையாக உண்பவர் குடலையும் எட்டலாம்.

வளர்ச்சிக்காகக் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. உணவுக்கான பிராணிகளுக்கு அதை அளிப்பதை இந்தியா 2019-இல் தடைசெய்தது.