பழைய சட்டப் புத்தகம்: எதைப் பாதி விலைக்கு வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

பழைய புத்தகக் கடையில் நிற்கிறீர்கள். கையில் ஒரு குற்றவியல் சட்ட கைடு. 2022 பதிப்பு, அட்டைகூட கசங்கவில்லை. பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

அந்தப் புத்தகத்தில் கொலைக்கான தண்டனை பிரிவு 302 என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைகளுக்கு அது பொருந்தாது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) பிரிவு 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றியது.

அதே அலமாரியில் 2015-ல் வந்த ஒப்பந்தச் சட்ட கைடு ஒன்றும் இருக்கிறது. அதன் பொதுக் கோட்பாடுகள் பகுதியை இன்றைக்கும் தைரியமாகப் படிக்கலாம். ஏழு வருடம் மூத்த புத்தகம் உதவுகிறது, இளையது காலை வாருகிறது. எனவே பதிப்பு ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் பாடத்தின் சட்டம் கடைசியாக எப்போது மாறியது என்பதுதான் கேள்வி.

சட்டப் படிப்பில் இருப்பவர்களுக்கும், அகில இந்திய பார் தேர்வுக்கோ நீதித்துறைத் தேர்வுக்கோ தயாராகிறவர்களுக்கும் இதோ பாடவாரியான கணக்கு.

எதைப் பழையதாகவே வாங்கலாம்?

சட்டத் தத்துவம், இந்திய சட்ட வரலாறு ஆகிய பாடங்களில் கவலையே வேண்டாம். 1872-ன் ஒப்பந்தச் சட்டம், 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம் இரண்டிலும் அடிப்படைக் கோட்பாடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. புதிய பதிப்பில் சில தீர்ப்புகளும், சமீபத்திய தேர்வுக் கேள்விகளும் கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எதை யோசித்து வாங்க வேண்டும்?

குறித்த நிவாரணச் சட்டம்: 2018 திருத்தத்துக்கு முன்பு, ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றச் சொல்வது நீதிமன்றத்தின் விருப்புரிமை. திருத்தத்துக்குப் பிறகு அதுவே பொது விதி. அதற்கு முந்தைய கைடு உங்களைத் தப்பான பதிலுக்குக் கூட்டிப்போகும். 

குடும்பச் சட்டம்: கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு, 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020-ல். அதற்கு முந்தைய கைடு என்றால் இதைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

அரசியலமைப்பு: அடிப்படைகள் அதேதான். ஆனால் 2017 புட்டசாமி தீர்ப்பு (அந்தரங்க உரிமை), 2019-ன் 103-வது திருத்தம் (பொருளாதாரத்தில் நலிந்தோர் இடஒதுக்கீடு), அதை உறுதிசெய்த 2022 தீர்ப்பு, 2023-ன் 106-வது திருத்தம் (மகளிர் இடஒதுக்கீடு) ஆகிய நான்கும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒரு பக்கம் குறிப்பு எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

எதைத் தொடவே கூடாது?

நுகர்வோர் சட்டம் நல்ல உதாரணம். மாவட்ட அளவில் எவ்வளவு மதிப்புள்ள வழக்கைத் தொடரலாம்? 1986 சட்டப்படி 20 லட்சம் ரூபாய் வரை. 2019-ன் புதிய சட்டத்தில் 1 கோடி. 2021 டிசம்பரில் வந்த விதியால் 50 லட்சம். அதாவது, "புதிய சட்டம்" என்று அட்டையில் போட்ட 2020 பதிப்புகூட இந்த ஒரு கேள்விக்குத் தப்பான பதில்தான் சொல்லும்.

தொழிலாளர் சட்டத்தில் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1961 வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ன் சட்டம் வருகிறது. இந்த இரண்டு பாடங்களிலும் உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு மட்டும் பணத்தை எடுங்கள்.

குற்றவியல் சட்டம் என்ன ஆனது?

மூன்று சட்டங்களுமே மாறிவிட்டன. ஐபிசியின் 511 பிரிவுகள் பிஎன்எஸ்ஸில் 358 ஆகச் சுருங்கின. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 484 பிரிவுகள், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 531 ஆகின. சாட்சியச் சட்டத்தின் 167 பிரிவுகள், பாரதிய சாட்சிய அதினியத்தில் 170.

பெரிய ஆபத்து, அதே எண் வேறு அர்த்தத்தில் வருவதுதான். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதியதில் 482 என்றால் முன்ஜாமீன். உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய கைடில் மனப்பாடம் செய்துவிட்டு வைவாவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கும்பல் கொலை, சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புக் குற்றங்கள், திட்டமிட்ட குற்றம் ஆகியவற்றுக்கான தனிப் பிரிவுகளும், சமூக சேவை என்ற தண்டனையும் பழைய கைடில் தேடினாலும் கிடைக்காது.

அப்போ வீட்டில் இருக்கும் ஐபிசி கைடை எடைக்குப் போடலாமா? வேண்டாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த குற்றங்களுக்கு ஐபிசிதான் பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள வித்தியாசம் போன்ற கோட்பாடுகள் பெரும்பாலும் அதே சொற்களில் புதிய சட்டத்துக்கு வந்திருக்கின்றன. விளக்கத்துக்குப் பழைய கைடு, எண்ணுக்குப் புதிய பேர் ஆக்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இடைவெளியை இலவசமாக நிரப்புவது எப்படி?

மத்தியச் சட்டங்களின் வாசகம் அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023-ல் தொடங்கிய 'இ-எஸ்சிஆர்' தளத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம். பழைய பிரிவு எண்ணுக்குப் புதிய எண் எது என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'சங்கலன்' செயலி இருக்கிறது.

கணக்குக்காக, ஒரு செமஸ்டருக்கு ஐந்து கைடு, ஒவ்வொன்றும் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே புதுசு என்றால் 2,000. மூன்றைப் பாதி விலையில் பழையதாக வாங்கினால் 1,400. மிச்சம் 600. ஆறு செமஸ்டருக்கு 3,600 ரூபாய்.

கடையில் நின்றபடியே செய்ய வேண்டியவை:

1. பதிப்பு விவரப் பக்கத்தைத் திறங்கள். 'மறுஅச்சு' என்று மட்டும் இருந்தால் உள்ளடக்கம் பெரும்பாலும் முந்தைய அச்சேதான். அதற்குப் புதிய விலை கொடுக்காதீர்கள்.

2. முன்னுரையைப் படியுங்கள். எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பெரும்பாலும் அங்கேதான் சொல்லியிருப்பார்கள்.

3. போனில் இந்தியா கோட் தளத்தைத் திறந்து, ஒரு முக்கியப் பிரிவைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அடிக்குறிப்பில் திருத்த ஆண்டு தெரியும்.

4. வழக்குப் பட்டியலில் அந்தப் பாடத்தின் சமீபத்திய பெரிய தீர்ப்பைத் தேடுங்கள்.

பார் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தேர்வறைக்குள் பேர் ஆக்ட் கொண்டுபோக அனுமதி உண்டு, ஆனால் அதில் குறிப்புகள் இருக்கக் கூடாது. பழைய கடையில் வாங்கும் பேர் ஆக்டில் முந்தைய உரிமையாளர் பேனாவில் எழுதிவைத்திருந்தால், சட்டம் மாறாமல் இருந்தாலும் அந்தப் பிரதி வாசலிலேயே நின்றுவிடலாம். வாங்குவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஒரு தடவை புரட்டிவிடுங்கள்.