உங்களுக்குத் தெரியுமா? பனி பொழிந்த இரவில் நிறைவேறிய பருவநிலை மசோதா

● 2008 அக்டோபர் 28 இரவு. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் பருவநிலை மாற்ற மசோதா மீது வாக்கெடுப்பு. ஆதரவு 463, எதிர்ப்பு வெறும் 3! அக்டோபரில் வழக்கமில்லாத பனிப்பொழிவு அன்று லண்டனில். ஆனால் ஒருநாள் வானிலை வேறு, நீண்டகாலப் பருவநிலை வேறு!

● கரியமில வாயு உள்ளிட்ட வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைப்பதை, நீண்டகால இலக்குடன் ஒரு நாடே சட்டக் கடமையாக்கியது உலகில் அதுவே முதல்முறை.

● 2050-க்குள் 60% குறைப்பு என்றுதான் மசோதா முதலில் சொன்னது. அறிவியல் ஆலோசனையை ஏற்று அது 80% ஆனது. 2019-ல் 'நிகர பூஜ்யம்' (வெளியேற்றும் அளவும் அகற்றும் அளவும் சமம்) என்று உயர்ந்தது.

● ஐந்தாண்டுக்கு ஒருமுறை 'கார்பன் பட்ஜெட்', அதாவது வெளியேற்றத்துக்கு ஓர் உச்சவரம்பு. அரசுக்கு ஆலோசனை கூறி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர ஒரு தனிக்குழு. இவைதான் சட்டத்தின் முதுகெலும்பு.

● வெளியேற்றத்தைக் குறைக்கும் பாதையில் ஒரு மைல்கல்: 1882-ல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் திறந்த பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது.

கட்சி வேறுபாட்டைக் கடந்து அறிவியலுக்குக் காதுகொடுத்தால், ஒரு நாட்டின் மின்சாரத்தையே சட்டத்தால் மாற்ற முடியும்!