முயலைக் குளிப்பாட்டலாமா?

முயல் தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால், வயது முதிர்ந்த முயலுக்கும் உடல் பருத்த முயலுக்கும் பின்புறம் எட்டாது. அங்கே மலமும் சிறுநீரும் ரோமத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக முயலைத் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டுவது ஆபத்து. மிரண்டுபோன முயல் பின்னங்கால்களை வேகமாக உதைக்கும். அதில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். அடர்ந்த ரோமம் காயவும் நெடுநேரமாகும். அதற்குள் உடல் குளிர்ந்துவிடும்.

அழுக்கான இடத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதும். காய்ந்த அழுக்கின்மீது சோள மாவைத் தூவி, விரல்களால் மெல்ல உதிர்த்து, சீப்பால் வாரிவிடலாம். ஈரமான அழுக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, துவாலையால் ஒற்றி நன்கு உலர்த்த வேண்டும். சிக்கு விழுந்த ரோமத்தைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. முயலின் தோல் மிக மெல்லியது, எளிதில் கிழிந்துவிடும்.

சிங்கப்பூரின் வெப்பத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடவும் முடியாது. அழுக்கு ரோமத்தில் ஈ முட்டையிட்டால், ஒரே நாளில் புழுக்கள் வெளிவந்து முயலின் சதையைத் தின்னத் தொடங்கிவிடும். புழு தென்பட்டால் உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

அடிக்கடி அழுக்காகும் முயலின் உணவையும் கவனிப்பது நல்லது. கேலிச்சித்திர முயல்கள் எப்போதும் காரட் தின்னலாம். வீட்டு முயலுக்கு உலர்ந்த புல்லே முக்கிய உணவு.