மோயா ப்ரென்னன்: ஐரிஷ் மொழியை உலகுக்குக் கொண்டுசென்ற குரல்

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டொனெகல் மாவட்டத்தில் உள்ள குவீடோர், ஐரிஷ் மொழி இன்றும் வீட்டுப் பேச்சாக இருக்கும் பகுதி. மோயா ப்ரென்னன் வளர்ந்தது அங்குதான். 1952-ல் பிறந்த அவர் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை லியோ நடன இசைக்குழு நடத்தியவர். தாய் பாபா இசை ஆசிரியை. 1968-ல் லியோ தொடங்கிய மதுக்கூடமே பிள்ளைகளின் முதல் மேடை.

1970-ல் தம்பிகள் கியரன், போல், தாய்மாமன்களான இரட்டையர் நோயல், பாட்ரிக் டகன் ஆகியோருடன் மோயா சேர்ந்து உருவாக்கியதே 'க்ளானட்' குழு. டப்ளினில் ஹார்ப் பயின்ற மோயா அதை வாசித்தபடியே பாடினார். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் திரட்டிய பழம்பாடல்களுக்குக் கிதார், டபுள் பாஸ், புல்லாங்குழல் சேர்த்துப் புது வடிவம் தந்தார்கள். ஐரிஷ் பாடல்கள் விற்குமா என்ற தயக்கம் இசைத்தட்டு நிறுவனத்துக்கு இருந்தது. முதல் ஆல்பம் 1973-ல்தான் வெளிவந்தது. 1975-ல் ஜெர்மனியில் கிடைத்த வரவேற்புக்குப் பிறகு இசையே முழுநேரத் தொழிலானது. 1980-ல் தங்கை என்யா குழுவில் சேர்ந்தார். 1982-ல் விலகித் தனிப்பாடகியாக உலகப் புகழ் பெற்றார்.

அதே 1982-ல் திருப்பம் வந்தது. வட அயர்லாந்து மோதலைப் பற்றிய 'ஹாரிஸ் கேம்' தொலைக்காட்சித் தொடருக்கு போலும் கியரனும் அமைத்த பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் 5-ஆம் இடம் பிடித்தது. ஐரிஷ் மொழிப் பாடல் ஒன்று அங்கே இந்த உயரத்தை எட்டியது அதுவே முதல்முறை. குரல்களைப் பலமுறை பதிவுசெய்து அடுக்கடுக்காகச் சேர்த்த அந்த ஒலி, குழுவின் அடையாளமாயிற்று. 'ராபின் ஆஃப் ஷெர்வுட்' தொடரின் இசைக்கு பாஃப்டா விருது கிடைத்தது. யு2 குழுவின் போனோவுடன் மோயா பாடிய 'இன் எ லைஃப்டைம்' 1980-களின் நடுவில் ராக் ரசிகர்களையும் ஈர்த்தது.

1992-ல் 'மோயா' என்ற ஒலிப்புடைய தம் ஐரிஷ் பெயரையே தலைப்பாக்கி முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். பிறமொழியினர் எளிதில் உச்சரிப்பதற்காகப் பெயரின் எழுத்துக்களைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார். 1999-ல் 'லேண்ட்மார்க்ஸ்' ஆல்பம் க்ளானட்டுக்கு கிராமி விருது பெற்றுத் தந்தது. 2000-ல் வெளியான தன்வரலாற்றில் போதை, மதுப் பழக்கங்களிலிருந்து மீண்டதையும் கிறித்தவ நம்பிக்கை அதற்குத் துணைநின்றதையும் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

பாட்ரிக் 2016-லும் நோயல் 2022-லும் காலமானார்கள். க்ளானட் 2020-ல் திட்டமிட்ட பிரியாவிடைக் கச்சேரிகள் கொரோனாவால் தடைபட்டன. மீண்டும் தொடங்கியபோது, நுரையீரல் நோயோடு போராடிக்கொண்டே மோயா மேடையேறினார்.